மாதுளை மாத்திரை

பாட்டில் இன்னும் சூடாக இருப்பதுபோலவே செல்வநேசனுக்குத் தோன்றியது. இருக்க வழியில்லை. விடியற்காலை குன்னூரில் வீட்டுக் கழிப்பறையில் பிடித்தது. பேருந்தில் அவர் மடியில் உட்கார்ந்து மலை ஏறி வந்தது. இப்போது ஊட்டியில், திபெத்தியர்களின் ஸ்வெட்டர் கடைகளுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கூரை மண்டபத்தில், துணிப்பைக்குள், அவருடைய கால்களுக்கு நடுவில் நிற்கிறது. இந்தக் குளிரில் கொதிக்கிற வெந்நீரே ஆறிப்போகும். ஆனால் கணுக்காலில் சூடு படுகிறது என்று மனம் சொன்னால் படத்தான் செய்கிறது. எழுந்ததும் முதலில் போகிற சிறுநீர், ஆரம்பத்தையும் கடைசியையும் விட்டுவிட்டு நடுவில் வருவது, சுத்தமான பாட்டில் என்று ஸ்வெட்டர் கடை யாங்சோம் போனில் சொல்லியிருந்தாள். சுத்தமான பாட்டிலுக்கு வீட்டில் எங்கே போவது, எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று இருந்தது. கடைசியில் எலுமிச்சை ஊறுகாய் பாட்டில்தான் காலியாகக் கிடைத்தது. மனைவி எமிலி எழுந்திருப்பதற்குள் அதைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, வெந்நீர் ஊற்றிக் குலுக்கி, மோந்து பார்த்து, மறுபடியும் தேய்த்தார். ஊறுகாய் வாசனை போனதா இல்லையா என்பதில் இன்னும் சந்தேகம்தான். வாசனை விஷயத்தில் அவர் லேசில் சமாதானம் ஆகிற ஆள் இல்லை; அதுதான் அவர் பிழைப்பு. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் பைக்குள் எட்டிப் பார்த்து, "என்ன சார், மலைத்தேனா? எங்க வாங்குனீங்க?" என்று கேட்டார். "தெரிஞ்சவங்க குடுத்தாங்க" என்று சொல்லிப் பையின் வாயைச் சுருட்டிக்கொண்டார். "நல்ல கலரா இருக்கே" என்றார் அந்த மனிதர், விடுகிற மாதிரி இல்லை. நல்ல கலர். அதை இவரும் கவனித்திருந்தார். கழிப்பறை விளக்குக்கு நேராகப் பாட்டிலைத் தூக்கியபோது கை தானாக அதைச் சாய்த்தது, ஓரத்தில் நிறம் எப்படி மெலிகிறது என்று கண் தானாகப் பார்த்தது. தேயிலை ருசி பார்க்கிறவனுக்கு எதைக் கையில் கொடுத்தாலும் அப்படித்தான்.

வீட்டில், ஊட்டியில் தேயிலை புரோக்கர்கள் கூட்டம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். சனிக்கிழமை என்ன கூட்டம் என்று எமிலி கேட்கவில்லை. பள்ளிக்கூட விடைத்தாள்களைக் கட்டிலில் பரப்பி வைத்திருந்தாள், தலையை மட்டும் ஆட்டினாள். கேட்டிருந்தால் இன்னொரு பொய் சொல்லியிருக்க வேண்டும், அதையும் தயாராகத்தான் வைத்திருந்தார். சொல்லாமல் போன பொய் எங்கே போகும்? அதுவும் வயிற்றில்தான் தங்குமோ என்னவோ. நெஞ்சுக்குழிக்குக் கீழே, ஒரு உள்ளங்கை அகலத்தில், அந்த எரிச்சல் மெதுவாகத் தலைதூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. எதிர்வரிசையில் ஒரு திபெத்தியக் கிழவர் தொப்பியை முழங்காலில் கவிழ்த்து வைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு படுகர் குடும்பம், அம்மாவுக்கு மூட்டுவலியாம், மகளும் மருமகனும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிக்கொண்டு இருந்தார்கள். எல்லாருக்கும் ஏதோ ஒரு பையில் ஏதோ ஒரு பாட்டில் இருந்தது. அதைப் பார்த்ததும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. மண்டபம் முழுக்க ஒரு மணம். மருந்துக்கடை மணமும் இல்லை, நாட்டு மருந்துக்கடை மணமும் இல்லை. கட்டை, மண், ஏதோ ஒரு பூ, அதற்கு அடியில் காரமாக ஒன்று. அந்தக் காரம் அவருக்குத் தெரிந்ததுதான். பேர் நுனிநாக்கு வரை வந்து திரும்பிப் போனது. முன்பு இப்படி ஆகாது. முன்பு பேர் அவர் கூப்பிடுவதற்கு முன்னாலேயே வந்து நிற்கும்.

யாங்சோம்தான் இங்கே வரச் சொன்னாள். ஊட்டியிலேயே பிறந்து வளர்ந்தவள், அவளுடைய அம்மா காலத்திலிருந்து அந்தக் கடையில்தான் அவர் ஸ்வெட்டர் எடுக்கிறார். இந்த முறை போனபோது அளவு பார்க்காமலே ஒன்றை எடுத்து நீட்டினாள், போட்டுப் பார்த்தால் தோள் இரண்டும் தொங்கியது. "அண்ணா, எப்பவும் உங்களுக்கு இந்த சைஸ்தானே? என்னாச்சு உங்களுக்கு?" என்றாள். சாப்பாடு சரியாக இறங்குவதில்லை, புளித்த ஏப்பமாக வருகிறது, வேறொன்றும் இல்லை என்றார். "எங்க ஆம்ச்சி மாசா மாசம் கர்நாடகாவுல பைலகுப்பேலேர்ந்து வர்றாங்க, பாருங்களேன். ஆம்ச்சின்னா எங்க பாஷையில வைத்தியர். வயித்துக்கு அவங்க குடுக்கிற மாத்திரை மாதிரி கிடையாது. எங்க மாமனாருக்கு எத்தனை வருஷத்து வயித்துவலி போச்சு தெரியுமா?" உடனே சரி என்று சொல்லிவிட்டார். ஏன் அவ்வளவு வேகமாகச் சரி என்றார் என்பதை அவர் யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருக்கத்தான் அவ்வளவு வேகம். குன்னூரில் அவர் வழக்கமாகப் பார்க்கிற டாக்டர் மழை தொடங்குவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டார், "சார், குழாய் விட்டு ஒரு தடவை உள்ள பார்த்துருவோம், காலையில வந்தா மத்தியானம் வீட்டுக்குப் போயிரலாம்" என்று. குழாய். அந்தச் சொல்லைக் கேட்டதும் டாக்டரின் மேசையில் இருந்த பேப்பர்வெயிட்டைக் கையில் எடுத்து உருட்ட ஆரம்பித்தார், கண்ணாடிக்குள் ஒரு சிவப்புப் பூ, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏல சீசன் முடியட்டும் டாக்டர்" என்றார். தேயிலை ஏலத்துக்கு சீசன் ஏது, வாரா வாரம் நடக்கிறது. டாக்டருக்கும் அது தெரியும்.

குழாய் என்றால் அண்ணன். ஞானதுரை அண்ணன் நாசரேத்தில் நன்றாக நடமாடிக்கொண்டிருந்தான், கோயில் கணக்குவழக்கில் எல்லாரிடமும் சண்டை போட்டுக்கொண்டு, வெயிலில் சைக்கிள் மிதித்துக்கொண்டு. திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் குழாய் விட்டார்கள். வெளியே வந்தபோது அண்ணன் முகம் வேறு முகமாக இருந்தது. அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு அவன் இல்லை. குழாய் போகும்வரை ஒன்றும் இல்லாத வயிறு, குழாய் போனதும் எல்லாம் இருக்கிற வயிறாக ஆகிவிட்டது. இது முட்டாள்தனம் என்று செல்வநேசனுக்குத் தெரியும். பெட்டியைத் திறந்து பார்த்ததால் உள்ளே தேயிலை கெட்டுப்போவதில்லை. தெரியும். தெரிவது ஒரு பக்கம் இருக்கிறது, கை பேப்பர்வெயிட்டை உருட்டுவது இன்னொரு பக்கம் இருக்கிறது, இரண்டும் ஒரே உடம்பில்தான் இருக்கின்றன, ஆனால் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. அண்ணன் அதற்கு முன்னால் ஒரு வருஷமாக வயிற்றெரிச்சலுக்கு ஒரு வெள்ளை மருந்தைப் பாட்டில் பாட்டிலாகக் குடித்துக்கொண்டிருந்தான், சட்டைப்பையில்கூட வைத்திருப்பான், வாயோரத்தில் வெள்ளையாகக் காய்ந்து ஒட்டியிருக்கும். அந்த நினைவு வரும்போது மட்டும் மனம் சட்டென்று வேறு தடத்துக்கு மாறிவிடும். இப்போதும் மாறியது. தகரக் கூரையில் குரங்கு ஒன்று தடதடவென்று ஓடியது. தூங்கிக்கொண்டிருந்த கிழவர் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்து ஏதோ திட்டிவிட்டு மறுபடி தூங்கினார்.

இன்னொன்று இருக்கிறது. அதை நேராகப் பார்க்காமல் ஓரக்கண்ணால்தான் பார்த்துவந்தார். கொஞ்ச நாளாகக் காலையில் கறுப்பாகப் போகிறது. தார் மாதிரி, பிசுபிசுவென்று, சகிக்க முடியாத ஒரு நாற்றத்தோடு. முதல் நாள் பார்த்தபோது, நேற்றுச் சாப்பிட்ட கேழ்வரகுக் களி என்று நினைத்தார். அடுத்த நாள் களி சாப்பிடவில்லை. பீட்ரூட் என்று நினைத்தார். பீட்ரூட் கறுப்பாகப் போகாது, சிவப்பாகத்தான் போகும், அது அவருக்குத் தெரியும். அதனால் அப்படி நினைத்த வேகத்திலேயே தண்ணீரை ஊற்றினார். அப்புறம் முழங்கால் வலிக்குப் போடுகிற மாத்திரையாக இருக்கும் என்று நினைத்தார். அதைத்தான் நாள் தவறாமல் போடுகிறாரே, மருந்துக்கடைக்காரன் கேட்காமலே எடுத்துக் கொடுக்கிறான். கடைசியில் பார்க்காமலே தண்ணீர் ஊற்றப் பழகிக்கொண்டார். மனிதன் எதற்கும் பழகிக்கொள்கிறான். காலையில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, வயசு. வேலை மேசையில் வரிசையாகக் கிண்ணங்கள் நிற்கும், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கரண்டி எடுத்துச் சத்தமாக உறிஞ்சி, நாக்கில் சுழற்றி, தொட்டியில் துப்பி, நடந்துகொண்டே போக வேண்டும்; இப்போதெல்லாம் வரிசையின் பாதியில் நின்று மேசையைப் பிடித்துக்கொள்கிறார்; அதுவும் வயசு. நாக்குக்கு என்ன வந்தது? போன வாரம் நல்ல உறைப்பான ஒரு தேயிலையைச் சப்பென்று இருப்பதாக எழுதிவிட்டார். தேயிலைத் தோட்டக்காரர்கள் போன் பண்ணினார்கள். வாயில் எப்போதும் ஒரு புளிப்பு நின்றுகொண்டிருந்தால் அதன்மேல் எந்த ருசி ஏறி உட்காரும்? அதுவும் வயசா?

"அண்ணா, வாங்க, உங்க முறை." யாங்சோம் கதவருகே நின்றாள். கடையை யாரிடமோ விட்டுவிட்டு வந்திருக்கிறாள். "டாக்டருக்கு ஹிந்தியும் கன்னடமும்தான் வரும், தமிழ் கொஞ்சம்தான். நான் கூட இருந்து சொல்றேன்." இதை அவர் எதிர்பார்க்கவில்லை. உள்ளே போனார். டாக்டர் தேச்சென் நடுவயதுப் பெண், நீளமான சாம்பல் உடை, அதற்குமேல் கையை முட்டிவரை சுருட்டிவிட்ட ஸ்வெட்டர். செல்வநேசன் எதுவும் சொல்வதற்கு முன்னாலேயே கையை நீட்டச் சொல்லி, மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்தார். ஒரு விரல் மேலோட்டமாக, ஒன்று கொஞ்சம் அழுத்தி, ஒன்று எலும்பு வரைக்கும். கண் ஜன்னல் பக்கம் இருந்தது, ஆனால் ஜன்னலைப் பார்க்கவில்லை. பிறகு அடுத்த கை. அந்தப் பார்வை அவருக்குத் தெரிந்ததுதான். நாக்கில் ருசி வந்து உட்காரக் காத்திருக்கிறவனின் பார்வை. பாட்டிலைக் கொடுத்தார். டாக்டர் அதை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றி, மெல்லிய மூங்கில் குச்சியால் வேகமாகக் கலக்கினார், நுரை வந்தது, நுரை பெரிதாக வருகிறதா சின்னதாக வருகிறதா, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று குனிந்து பார்த்தார், பிறகு மோந்தார். வெள்ளைக் கிண்ணம், நிறம், மணம். ஒவ்வொன்றும் அவருடைய மேசையில் நடப்பதுதான். அடுத்து ஒரு கரண்டியை எடுத்துவிடுவாரோ என்று ஒரு நொடி பயந்தே போனார். எடுக்கவில்லை. "எலுமிச்சை வாசனை வருதாம்" என்றாள் யாங்சோம். "ஊறுகாய் பாட்டில்" என்றார் செல்வநேசன். டாக்டர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் அவருக்கு நம்பிக்கை வந்தது, ஒரே ஊரைச் சேர்ந்த ஆளைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்ததுபோல.

டாக்டர் கேட்பார், யாங்சோம் சொல்வாள், இவர் பதில் சொல்வார், அது திரும்பிப் போகும். சாப்பிட்டதும் வலிக்கிறதா, வெறும் வயிற்றிலா? வெறும் வயிற்றில். வயிறு உப்புகிறதா? ஆமாம். சூடாக ஏதாவது குடித்தால் இதமாக இருக்கிறதா? யோசித்துப் பார்த்தால் ஆமாம். "வயித்துல நெருப்பு குறைஞ்சு போச்சுங்கிறாங்க அண்ணா. நாள் பூரா டீய வாயில வெச்சிக்கிட்டு நேரத்துக்குச் சாப்பிடாம இருந்தா இப்படித்தான் ஆகுமாம். அடுப்பு அணைஞ்சா உலை எப்படிக் கொதிக்கும்னு கேக்குறாங்க." நெருப்பு குறைந்துபோச்சு. இது எவ்வளவு நல்ல செய்தி. குறைந்த நெருப்பை ஊதிவிடலாம். அதற்குக் குழாய் வேண்டாம். உடம்பு முழுக்க ஒரு கட்டு தளர்ந்தது. அப்போது டாக்டர் தாளில் எழுதிக்கொண்டே, நிமிராமல், ஒன்று கேட்டார். யாங்சோம் சாதாரணமாகத் திரும்பி, "மலம் என்ன கலர்ல போகுதுன்னு கேக்குறாங்க. கறுப்பாப் போகுதா?" என்றாள். செல்வநேசன் அவளைப் பார்த்தார். நீலநிற ஸ்வெட்டர், காதில் சின்னப் பவழம், ஒவ்வொரு வருஷமும் "இந்தக் கலர் உங்களுக்கு எடுக்கும் அண்ணா" என்று சொல்கிற முகம். அந்த முகத்துக்கு நேராக எப்படிச் சொல்வது? கலர் என்ற சொல்லையே அவள் வாயிலிருந்து இனி எப்படிக் கேட்பது? அவர் வாய், அவரைக் கேட்காமல், "இல்ல, இல்ல, எப்பவும் போலத்தான்" என்றது. அவள் அதைச் சொன்னாள். டாக்டர் எழுதினார். அவ்வளவுதான். வெட்கம் என்று பிறகு நினைத்துக்கொண்டார். ஆனால் வெட்கம் முன்னால் நின்றுகொண்டிருந்தது, அதன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது வேறு.

காகிதப் பொட்டலத்தில் மாத்திரைகள் கொடுத்தார்கள். பழுப்பாக, உருண்டையாக, சுண்டைக்காய் வற்றல் அளவில். அப்படியே விழுங்கக் கூடாதாம். நசுக்கி வெந்நீரில் கரைத்து, விடிந்ததும் சாப்பாட்டுக்கு முன்னால் குடிக்க வேண்டுமாம். பச்சைக் காய்கறி கூடாது, தயிர் கூடாது, ஐஸ் தண்ணீர் கூடவே கூடாது, காய்ச்சின தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும். மாதுளைதான் இதில் முக்கியம் என்று யாங்சோம் சொன்னாள். வெளியே வந்து கடைவரிசையின் கோடியில் இருந்த டீக்கடையில் ஒரு டம்ளர் வெந்நீரும் இரண்டு கரண்டியும் கேட்டார். நாளைக் காலை வரைக்கும் பொறுக்க வேண்டியதுதான், ஆனால் புதிதாக ஒன்று கைக்கு வந்தால் நாக்கு பொறுப்பதில்லை. ஒரு மாத்திரையை இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து நசுக்கிக் கரைத்தார். நீர் மரத்தூள் நிறத்துக்கு வந்தது. ஒரு கரண்டி எடுத்து, சத்தமாக உறிஞ்சினார். டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். முதலில் புளிப்பு, அவர் வாயில் நாள் கணக்காகக் குடியிருந்த கெட்ட புளிப்பு இல்லை, கூர்மையான, பழத்தின் புளிப்பு, மாதுளை. அது விலகியதும் ஏலக்காய். ஏலக்காய்க்கு அடியில் பட்டையின் இனிப்பு. எல்லாம் போனபிறகு, நாக்கின் அடிப்பக்கத்தில், தாமதமாக, நின்று எரிகிற ஒரு காரம். திப்பிலி! அதுதான். மண்டபத்தில் நாக்கு நுனிவரை வந்து போன பேர். செல்வநேசன் அந்தக் கரண்டிநீரை, வழக்கம்போல, ஓரத்தில் சாக்கடையில் துப்பினார். நாக்கு போகவில்லை. இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்கிறது. கண்ணில் தண்ணீர் வந்தது. திப்பிலியால் என்று டீக்கடைக்காரர் நினைத்திருப்பார்.

அடுத்த கரண்டியை எடுத்தார், எடுத்த கை வாயருகே வந்து நின்றது. என்ன அழகாகக் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தார். குளிர்ந்த வயிற்றுக்கு எவ்வளவு சூடு வேண்டுமோ அவ்வளவு சூடு, அது சுட்டுவிடாமல் இருக்க மேலே ஒரு இனிப்பு. டாக்டர் பார்த்த வயிற்றுக்குச் சரியான மருந்து. எந்த வயிற்றைப் பார்த்தார்? இவர் சொன்ன வயிற்றை. சில தோட்டக்காரர்கள் இருக்கிறார்கள், ஏலத்துக்கு முன்னால் மாதிரிப் பொட்டலத்தில் நல்ல இலையாகப் பொறுக்கி அனுப்புவார்கள், மூட்டையில் இருப்பது வேறு. அப்படி ஒருவனைக் கண்டுபிடித்தால் செல்வநேசனுக்கு வருகிற கோபம் அலுவலகத்தில் பிரசித்தம். என் நாக்கை என்ன நினைச்ச, நான் உனக்காக அதில் கையெழுத்துப் போடுறேன், நீ என்கிட்டயே மூட்டைய மறைக்கிறியா என்று போனிலேயே கத்துவார். பாட்டிலில் கொண்டுவந்தது சரியான மாதிரிதான். வாயால் கொடுத்தது கலப்படம். இந்தச் சூட்டை அவர் எங்கே ஊற்றப் போகிறார்? கறுப்பு எங்கிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரியும், பீட்ரூட்டிலிருந்து வரவில்லை, களியிலிருந்து வரவில்லை, அது பழைய ரத்தம், அண்ணனுக்கும் அப்படித்தான் போனது, அண்ணியிடம் அவன் சொல்லவில்லை, வெள்ளை மருந்தைக் குடித்துக்கொண்டிருந்தான், ஒரு வருஷம், குழாய் விடுவதற்கு ஒரு முழு வருஷத்துக்கு முன்னாலேயே. மனம் தடம் மாறப் பார்த்தது. மாறுவதற்கு இடம் இல்லை. கரண்டியிலிருந்த மருந்தைத் தரையில் ஊற்றினார். டம்ளரை வைத்துவிட்டு மண்டபத்துக்குத் திரும்பி நடந்தார். வேகமாக நடந்ததில் மூச்சு வாங்கியது.

உள்ளே மூட்டுவலி அம்மாள் உட்கார்ந்திருந்தார். செல்வநேசன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "என்ன அண்ணா, பொட்டலத்தை விட்டுட்டீங்களா?" என்றாள் யாங்சோம். "இல்லம்மா. நான் ஒண்ணு தப்பாச் சொல்லிட்டேன். அவங்ககிட்ட சொல்லணும்." "என்ன?" தரையைப் பார்த்துக்கொண்டு, "கறுப்பாத்தான் போகுது" என்றார். "எது?" "நீ கேட்டியே, அது." ஒரு கணம் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் அவள் முகத்தில் அருவருப்பும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. திரும்பி, மண்டபத்துக்கே கேட்கிற குரலில், டாக்டரிடம் சொன்னாள். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு எழுந்து வந்தார். செல்வநேசனின் கீழிமையை இழுத்துப் பார்த்தார், நகத்தை அழுத்திப் பார்த்தார், வலி மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்று கேட்டார். அப்புறம் கையை நீட்டினார். பொட்டலத்தைக் கேட்கிறார் என்று புரியச் சற்று நேரமானது. "குடிச்சீங்களா?" என்று டாக்டரே தமிழில் கேட்டார். "துப்பிட்டேன்." "அச்சா. நல்லது." மற்றதை யாங்சோம் சொன்னாள். "இது சூடு மாத்திரை அண்ணா. ரத்தம் போற வயித்துக்குக் குடுக்கக் கூடாதாம். இந்த நோய்க்கு எங்க வைத்தியத்துலயே தனிப் பேரு இருக்காம், பழுப்பு நோய்னு அர்த்தம் வரும். அதுக்கு மருந்து வேற. ஆனா அதையும் இப்பத் தர மாட்டாங்களாம். முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போயி உள்ள என்ன இருக்குன்னு பார்த்துட்டு வரணுமாம். இன்னிக்கே." பிறகு அவளாக, "ஏன் அண்ணா மொதல்லயே சொல்லல?" என்றாள். "உன்கிட்ட எப்படிம்மா சொல்றது?" என்றார். "எங்க மாமனாருக்கு ரெண்டு வருஷம் எல்லாம் நான்தான் பார்த்தேன். இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று சொல்லிக்கொண்டே ஷாலை எடுத்துத் தோளில் போட்டாள்.

ஆட்டோவில் யாருக்கோ போன் பண்ணித் தன் பாஷையில் கடையைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரி வரவேற்பில் இருந்த பெண், "நீங்க இவருக்கு யாரும்மா?" என்று கேட்டதற்கு, "இவருக்கு ஸ்வெட்டர் விக்கிறேன்" என்றாள். அந்தப் பெண் பேனாவை அப்படியே பிடித்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "சொந்தக்காரங்க யாரையாவது வரச் சொல்லுங்க." எமிலிக்கு அவர்தான் போன் செய்தார். கூட்டத்தில் இல்லை, ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், ஒன்றுமில்லை, குழாய் விட்டுப் பார்க்கப் போகிறார்கள் என்றார். மறுமுனையில் விடைத்தாள்கள் சரிகிற சத்தம் கேட்டது. "எந்த ஆஸ்பத்திரி?" என்று மட்டும் கேட்டாள். ரத்தம் எடுத்தார்கள், ரத்தம் குறைவு என்றார்கள். ராத்திரியிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்றதும் இப்போதே செய்துவிடலாம் என்றார்கள். அவ்வளவு சீக்கிரமா என்று கேட்க வாயெடுத்தார், அதற்குள் வாயில் எதையோ பீய்ச்சினார்கள். கசப்பு. பிறகு கசப்பும் இல்லை. நாக்கு ஒரு அந்நியப் பொருளாக, யாரோ வாயில் வைத்துவிட்டுப் போன துணிபோல் கிடந்தது. இடது பக்கமாகப் படுக்கவைத்தார்கள். பல்லுக்கு நடுவில் ஒரு வளையம். குழாய் கறுப்பாக, நினைத்ததைவிட மெல்லியதாக, நுனியில் சின்ன விளக்கோடு வந்தது. விழுங்குங்க, விழுங்குங்க, அப்படித்தான். ஓங்கரித்தது, கண்ணீர் தாரையாக வழிந்தது, அண்ணன் இப்படித்தான் படுத்திருப்பான், அவனுக்கும் இப்படித்தான் கண்ணீர் வந்திருக்கும், வெளியே வந்தபோது முகம் வேறாக இருந்ததற்கு வேறெதுவுமே காரணம் இல்லாமலும் இருந்திருக்கலாம், மூக்கில் மூச்சு விடுங்க, மெதுவா, ஒரு வருஷத்துக்கு முன்னால் அண்ணனை யாராவது இப்படிப் படுக்கவைத்திருந்தால், மூச்சு விடுங்க சார். "வேணும்னா ஸ்கிரீன்ல பார்க்கலாம்" என்றார் இளம் டாக்டர். கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தார். பிறகு திறந்தார். இளஞ்சிவப்பாக, ஈரமாக, மழையில் நனைந்த குகை ஒன்று மெல்ல அசைந்துகொண்டிருந்தது. ஒரு வளைவு திரும்பியது. அங்கே, சுவரில், சின்னதாக ஒரு பள்ளம், நடுவில் வெள்ளை, ஒரு ஓரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. "இதுதான்" என்றார் டாக்டர். இதுவா? கேட்க முடியவில்லை, வாயில் வளையம். "புண்ணு சார். வலி மாத்திரைதான் வேலையைக் காட்டியிருக்கு. ரத்தம் இப்ப நின்னிருக்கு. பார்க்க மோசமாத் தெரியல. இருந்தாலும் வயித்துல ரெண்டு மூணு இடத்துல கொஞ்சம் கிள்ளி டெஸ்டுக்கு அனுப்புறேன், அடுத்த வாரம் ரிசல்ட் வந்துரும்." பார்க்க மோசமாகத் தெரியவில்லை. அந்த வாக்கியத்தை அவர் தராசின் இரண்டு தட்டிலும் வைத்துப் பார்த்தார். எந்தப் பக்கமும் முழுதாகச் சாயவில்லை.

வெளியே வந்தபோது எமிலி வந்திருந்தாள். பெஞ்சில் யாங்சோமும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள், எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டவர்களைப்போல. யாங்சோம் எழுந்து, "அண்ணி பார்த்துக்குவாங்க, நான் கடையைப் பாக்கணும், இன்னிக்குக் கூட்டமா இருக்கும்" என்று கிளம்பினாள். எமிலி வாசல்வரை போய் அவள் இரண்டு கையையும் பிடித்து ஏதோ சொல்லிவிட்டு வந்தாள். மருந்துகளை வாங்கிக்கொண்டார்கள். அந்த வலி மாத்திரையை இனிமேல் தொடக் கூடாது, மறுபடி கறுப்பாகப் போனால், தலை சுற்றினால், உடனே வர வேண்டும் என்றார்கள்; எமிலி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிக் காட்டினாள், வகுப்பில் பிள்ளைகளைச் சொல்ல வைப்பதுபோல. டாக்ஸி வைத்துக்கொள்ளலாம் என்றாள். பஸ்ஸிலேயே போகலாம் என்றார். குன்னூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ் கிளம்பி, ஊர் முடிந்து, தைல மரங்கள் வந்தன. பிறகு, "கூட்டம் எப்படி இருந்துச்சு?" என்றாள். அவர் மடியில் இருந்த மருந்துப் பையின் வாயைச் சுருட்டினார். "நான் உங்க பெல்ட்டைப் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். புதுசா ஓட்டை போட்டிருக்கீங்க. கேட்டா கோபப்படுவீங்கன்னு கேக்கல. அது என் தப்பு. ஆனா ஸ்வெட்டர் விக்கிற பொண்ணுகிட்ட சொல்ல முடியுது, என்கிட்ட சொல்ல முடியல." "அவகிட்டயும் சொல்லல. முதல்ல பொய்தான் சொன்னேன்" என்றார். நாக்கு இன்னும் சரியாகப் புரளவில்லை, வார்த்தைகள் ஓரம் மழுங்கி வந்தன. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பஸ் ஒரு கொண்டைஊசி வளைவில் திரும்பியது, பள்ளத்தாக்கு முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்து வந்து கண்ணாடியில் நின்றது. அடுத்த வாரம் ரிசல்ட் வரும். அதுவரைக்கும் ஒவ்வொரு நாளும் இருக்கிறது, ஒவ்வொரு நாளுக்குள்ளும் காலை இருக்கிறது, ராத்திரி இருக்கிறது. அந்தக் காத்திருப்பை யாருக்கும் தெரியாமல் எங்கே வைப்பது என்று அவர் பழக்கத்தில் இடம் தேடினார். பிறகு, "எமிலி" என்றார். "என்ன?" "பயமா இருக்கு." இதை அவர் சத்தமாகச் சொல்லிக் கேட்டதில்லை, குரல் யாருடையதோபோல் இருந்தது. எமிலி திரும்பிப் பார்த்தாள். "எனக்கும்தான்" என்றாள். பிறகு முந்தானையால் அவர் வாயோரத்தைத் துடைத்துவிட்டு, "கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி உக்காருங்க, மூஞ்சியில வெயில் அடிக்குது" என்றாள்.